பழைய வெப்கேமைப் பிரிக்கலாமா, கோள் கேமரா வாங்கலாமா?

தொலைநோக்கி வாங்கிச் சில வாரங்கள் ஆனதும் அந்த ஆசை வந்துவிடுகிறது. சனியின் வளையத்தை ஐபீஸ் வழியே பார்த்தாயிற்று, வீட்டில் உள்ளவர்களையும் கூப்பிட்டுக் காட்டியாயிற்று. இனி அதைப் படமாகப் பிடித்து வைக்க வேண்டும். வானியல் கேமராக்களின் விலையைத் தேடிப் பார்த்தால் சில, தொலைநோக்கியின் விலையையே தாண்டி நிற்கின்றன. அந்த நேரத்தில்தான், "பழைய வெப்கேம் இருந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள்" என்று யாராவது சொல்வார்கள்.

நான் அப்படி இரண்டு வெப்கேம்களைப் பிரித்திருக்கிறேன். ஒன்று பாழானது. மற்றது இன்றும் நிலாவைப் பிடித்துத் தருகிறது. கோள்களுக்கென்றே செய்த சிறு கேமரா ஒன்றும் இப்போது என்னிடம் உண்டு. எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: சும்மா கிடக்கும் வெப்கேம் கையில் இருந்தால் தயங்காமல் பிரிக்கலாம். பிரிப்பதற்காகவே ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

கோளுக்கு ஏன் வீடியோ

கோள்களைப் படமெடுக்கும்போது நம்மை அதிகம் படுத்துவது தலைக்கு மேல் இருக்கும் காற்று. வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள காற்றடுக்குகள் கலந்து புரள்வதால், வியாழனின் பிம்பம் ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நாணயம் போல நெளிந்துகொண்டே இருக்கும். அந்த நெளிவுக்கு நடுவே கண நேரம் காற்று அடங்கும். அப்போது பட்டைகள் பளிச்சென்று தெரியும், உடனே மறையும். இப்படி ஒரு நல்ல கணம் வாய்க்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று 1978-ல் டேவிட் ஃபிரைட் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். தொலைநோக்கியின் வாய் பெரிதாகப் பெரிதாக அந்த வாய்ப்பு மளமளவென்று குறையும். ஆகவே 100, 150, 200 மில்லிமீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு நல்ல கணங்கள் அடிக்கடி கிடைக்கும்.

அந்தக் கணங்களைக் கைப்பற்ற ஒரே வழி, நிறைய ஃபிரேம்களை எடுத்துத் தள்ளுவது. இரண்டு நிமிட வீடியோ எடுத்தால் ஆயிரக்கணக்கில் ஃபிரேம்கள் சேரும். ரெஜிஸ்டாக்ஸ், ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றில் தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும். 400 ஃபிரேம்களை அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தெறிக்கும் தாறுமாறான புள்ளிகள், 20-ல் ஒரு பங்காகக் குறையும். அதன் பிறகு படத்தைக் கூர்மையாக்கலாம். ஒற்றை ஃபிரேமில் அதே கூர்மையாக்கலைச் செய்தால் வெறும் புள்ளிகள்தான் மேலெழும்பும்.

இதற்கு மெகாபிக்சல் தேவையில்லை என்பதுதான் மலிவு கேமராக்களுக்குச் சாதகமான விஷயம். வியாழன் நமக்கு நன்றாகத் தெரியும் காலத்தில் அதன் அகலம் சுமார் 45 வில்விநாடி. ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள். ஒரு பிக்சலில் எத்தனை வில்விநாடி விழும் என்று பார்க்க, பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, 206-ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத் தூரத்தால் மில்லிமீட்டரில் வகுத்தால் போதும். 1,200 மி.மீ. குவியத் தூரமும் 5.6 மைக்ரான் பிக்சலும் இருந்தால் பிக்சலுக்கு 0.96 வில்விநாடி. அப்போது வியாழன் படத்தில் வெறும் 47 பிக்சல் அகலம். குவியத் தூரத்தைப் பெருக்கித் தரும் பார்லோ லென்ஸ் ஒன்றை, 2 மடங்கு அளவில் போட்டால் 94. அதாவது 640-க்கு 480 பிக்சல் உள்ள பழைய வெப்கேமிலேயே கோளைச் சுற்றி ஏராளமான இடம் மிச்சம். மீதி எல்லாம் கறுப்பு வானம்.

ஆக, நமக்கு வேண்டியவை இவை: வேகமான ஃபிரேம்கள், நம் சொல்படி கேட்கும் எக்ஸ்போஷர் (ஒரு ஃபிரேமுக்குச் சென்சார் ஒளியைச் சேர்க்கும் நேரம்), அமுக்கப்படாத (கம்ப்ரஸ் செய்யாத) படம். இந்த மூன்றையும் வைத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோடப் போகிறேன்.

முதலில் செல்பேசி

பிரிப்பதற்கு முன், கையில் இருக்கும் செல்பேசியை ஐபீஸ் மேல் வைத்துப் பாருங்கள். அதற்கென்று விற்கும் பிடிமானம் ஒன்று இருந்தால் கை நடுக்கம் பிரச்சினை இல்லை. நிலாவுக்குச் செல்பேசி அற்புதமாக வேலை செய்யும். முழு நிலாவும் ஒரே படத்தில் அடங்கும், வண்ணம் சரியாக வரும், எந்தப் பொருளும் பாழாகாது.

கோள்களுக்கு வரும்போதுதான் சிக்கல். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் செல்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், வியாழன் வெள்ளைப் பொட்டாகிவிடும். கைமுறைக் கட்டுப்பாடு உள்ள செயலி இதைச் சரிசெய்யும். ஆனால் செல்பேசி வீடியோவை அமுக்கிச் சேமிப்பதை அவ்வளவு எளிதில் தடுக்க முடியாது. அது தன் போக்கில் கூர்மையாக்கி, இரைச்சலைத் துடைத்துத் தருகிறது. நாம் அடுக்கி எடுக்க நினைத்த மெல்லிய விவரமும் அந்தத் துடைப்பிலேயே போய்விடுகிறது. நிலாவும் ஒரு நினைவுப் படமும் போதும் என்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய சிசிடி வெப்கேம்கள்

2000-களின் தொடக்கத்தில் வானியல் ஆர்வலர்கள் மத்தியில் பிலிப்ஸ் டூயூகேம் ப்ரோ என்ற வெப்கேம் மிகப் பிரபலம். அதற்குள் இருந்தது சோனியின் ஐசிஎக்ஸ்098 என்ற சிசிடி (பழைய வகை) சென்சார், 5.6 மைக்ரான் பிக்சலுடன். அதே சென்சார் லாஜிடெக் குவிக்கேம் ப்ரோ 4000-லும், பின்னால் வந்த பிலிப்ஸ் எஸ்பிசி900என்சி-யிலும் இருந்தது. செலஸ்ட்ரான் விற்ற முதல் நெக்ஸ்இமேஜ் கேமராவும் அதே சென்சாரை வைத்துச் செய்ததுதான். 2003 ஆகஸ்டில் செவ்வாய் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவு பூமிக்கு அருகில் வந்து 25 வில்விநாடி அகலத்துக்குத் தெரிந்தபோது, சிறிய தொலைநோக்கிகளில் இந்த வெப்கேம்களை மாட்டி எடுத்த படங்கள் பலரையும் இந்தப் பக்கம் இழுத்தன.

அந்தப் புகழைக் கேட்டு இன்று யாராவது பழைய பொருள் விற்கும் இடங்களில் இதைத் தேடினால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். சென்சார் நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டூயூகேம் பழைய யு.எஸ்.பி. 1.1-ல் ஓடுவது. விநாடிக்கு 12 மெகாபிட்டுக்குள் எல்லாவற்றையும் திணித்தாக வேண்டும். விநாடிக்கு 10 ஃபிரேமுக்கு மேல் போனால் அமுக்கலின் கட்டங்கள் கோளின் மேலேயே தெரியும். இரண்டு நிமிடத்தில் 1,200 ஃபிரேம்கள்தான் கிடைக்கும். இது போக, இன்றைய விண்டோஸில் அதற்கான டிரைவரைத் தேடி அலைவதிலேயே ஒரு வார இறுதி போய்விடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, பிலிப்ஸ் வெப்கேம்களுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுக்க வேண்டாம்.

இன்றைய மலிவு எச்டி வெப்கேம்

பெரும்பாலோரின் மேசை இழுப்பறையில் கிடப்பது இந்த வகைதான். 720பி (1,280-க்கு 720 பிக்சல்) என்று அட்டையில் எழுதியிருக்கும். உள்ளே இன்றைய வகையான சிமாஸ் சென்சார், பிக்சல் பெரும்பாலும் 3 மைக்ரானை ஒட்டி இருக்கும். மேலே சொன்ன 1,200 மி.மீ. தொலைநோக்கியில் பார்லோ இல்லாமலே வியாழன் 87 பிக்சல் அகலம் வரும். கோள் படங்களுக்கு ஒரு பொதுவான கணக்கு உண்டு: பிக்சலின் மைக்ரான் அளவை 5-ஆல் பெருக்கினால் வரும் எண்தான் தொலைநோக்கிக்கு ஏற்ற எஃப் விகிதம் (குவியத் தூரத்தைத் தொலைநோக்கியின் வாய் அகலத்தால் வகுத்தது). 5.6 மைக்ரானுக்கு எஃப்/28 வேண்டும், 3 மைக்ரானுக்கு எஃப்/15 போதும். எஃப்/8 தொலைநோக்கியும் சாதாரண 2 மடங்கு பார்லோவும் இருந்தால் சரியாகப் பொருந்திவிடும். சிறு பிக்சலின் நன்மை இது.

இனி குறைகள். 720பி படத்தை அமுக்காமல் விநாடிக்கு 30 ஃபிரேம் அனுப்ப வேண்டுமானால், ஒரு பிக்சலுக்கு 2 பைட் வீதம் கிட்டத்தட்ட 440 மெகாபிட் ஆகிறது. யு.எஸ்.பி. 2.0-வின் உச்சமே 480. நடைமுறையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். அதனால் வெப்கேம் என்ன செய்கிறது என்றால், முழு அளவில் 30 ஃபிரேம் கேட்டால் ஒவ்வொன்றையும் ஜேபெக் ஆக அமுக்கி அனுப்புகிறது. அமுக்காமல் கேட்டால் விநாடிக்கு 10 ஃபிரேமோ அதற்கும் குறைவாகவோ தருகிறது. இதிலிருந்து தப்பிக்க, ஷார்ப்கேப் போன்ற மென்பொருளில் ஒய்யுஒய்2 என்ற அமுக்கப்படாத வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, படத்தின் அளவை 640-க்கு 480 ஆகக் குறைத்துப் பாருங்கள். அப்போது தேவை 147 மெகாபிட்தான், 30 ஃபிரேமும் தாராளமாக வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வெப்கேம்கள் 640-க்கு 480 கேட்டால் சென்சாரின் நடுப்பகுதியை வெட்டித் தரும், அது நமக்கு நல்லது. சில, முழுப் படத்தையும் சுருக்கித் தரும், விவரம் போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று பகலிலேயே தெரிந்துகொள்ளலாம். அளவை மாற்றும்போது பார்வைப் பரப்பும் குறைந்தால் வெட்டுகிறது, அதே பரப்பு இருந்தால் சுருக்குகிறது. பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்து பாருங்கள். சுருக்கும் வகையாக இருந்தால், மெதுவான 10 ஃபிரேமோடு சமாதானமாகப் போக வேண்டியிருக்கும்.

எக்ஸ்போஷரையும் கெய்னையும் (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) கையால் மாற்ற முடிகிறதா என்பதும் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயம். முடியாவிட்டால் அந்த வெப்கேம் கோள்களுக்கு ஆகாது, நிலாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டோஃபோகஸ் உள்ள வெப்கேமையும் தவிர்த்துவிடுங்கள். அதில் லென்ஸ் ஒரு சிறு காந்தச் சுருளோடு ஒட்டியிருக்கும், பிய்த்தெடுக்கும்போது சென்சாரும் சேர்ந்து அடிபட வாய்ப்பு அதிகம். கையால் திருகி ஃபோகஸ் செய்யும் மிகச் சாதாரண வெப்கேமே நம் வேலைக்குச் சிறந்தது.

பிளேஸ்டேஷன் 3-க்காக வந்த ஐ கேமராவையும் பலர் மாற்றியிருக்கிறார்கள். 640-க்கு 480-ல் விநாடிக்கு 60 ஃபிரேம், பிக்சல் பெரியது. வேகத்தைப் பொறுத்தவரை வெப்கேம்களில் இதுவே எனக்குப் பிடித்தது. விண்டோஸுக்கு சோனி டிரைவர் தரவில்லை, மற்றவர்கள் எழுதியதைத் தேடிப் போட வேண்டும்.

பிரிக்கும் வேலை

சரி, பிரிப்பது என்று முடிவெடுத்தாயிற்று. வேலை அரை நாளுக்கு மேல் போகாது. திருகாணிகள் பெரும்பாலும் ரப்பர் காலுக்கு அடியிலோ ஒட்டுத்தாளுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். கூட்டைத் திறந்ததும் பச்சைச் சர்க்யூட் பலகையும் அதன் நடுவில் லென்ஸைத் தாங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் குழலும் தெரியும். லென்ஸை இடப்பக்கமாகத் திருகினால் வெளியே வரும். அடியில் துளிப் பசை வைத்து இறுக்கியிருந்தால் கூர்முனையால் அதைச் சுரண்டிய பிறகு திருகுங்கள்.

கைவைப்பதற்கு முன் ஏதாவது உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சென்சாரைக் கொன்றுவிடக்கூடும். லென்ஸ் கழன்ற நொடியிலிருந்து சென்சார் தலைகீழாகவே இருக்கட்டும், தூசி விழாது. விழுந்தால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

கழற்றிய லென்ஸின் பின்பக்கம் பாருங்கள். சாய்த்துப் பிடித்தால் சிவப்பாகவோ நீலப்பச்சையாகவோ மின்னும் ஒரு சிறு கண்ணாடி இருக்கும். அதுதான் அகச்சிவப்பு வடிகட்டி. சில வெப்கேம்களில் அது லென்ஸோடு போகாமல் சென்சாருக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அப்படியானால் அதைத் தொடாதீர்கள், அங்கேயே இருக்கட்டும். லென்ஸோடு போய்விட்டால் படத்தில் அகச்சிவப்பும் சேர்ந்து விழும். எதிரொளிப்புத் தொலைநோக்கியில் நிறங்கள் இளஞ்சிவப்பாகப் பிசகும். ஒளிவிலகல் தொலைநோக்கியில் நிலைமை இன்னும் மோசம், லென்ஸ் அகச்சிவப்பை வேறு இடத்தில் குவிப்பதால் படமே மங்கும். அப்போது 1.25 அங்குல அளவில் விற்கும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி ஒன்றை வாங்கி முன்னால் திருக வேண்டும். நிலாவை மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதிரொளிப்புத் தொலைநோக்கியில் அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டால், நீண்ட அலைநீளத்தைக் காற்று குறைவாகவே அலைக்கழிப்பதால் படம் கொஞ்சம் நிலையாக இருக்கும்.

அடுத்து, தொலைநோக்கியின் ஃபோகஸரில் (ஐபீஸ் செருகும் இடம்) நுழையும் குழல். அந்தத் துளையின் அளவு 31.75 மி.மீ. பழைய 35 மி.மீ. ஃபிலிம் சுருள் வரும் டப்பா இதற்கு ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும், ஒரு சுற்று டேப் ஒட்டினால் இறுக்கமாக நிற்கும். கறுப்பு டப்பாவே நல்லது, ஒளி ஊடுருவும் வெள்ளை டப்பா வேண்டாம். அடிப்பாகத்தில் வட்டமாக வெட்டி, சென்சார் நடுவில் வருமாறு வைத்து ஒட்ட வேண்டும். பல வெப்கேம்களின் லென்ஸ் மரை எம்12 என்ற பொது அளவில் இருக்கும். உங்களுடையது அப்படி இருந்தால், அந்த மரையில் நேரே திருகும் உலோக அடாப்டர் ஆயத்தமாகவே விற்கிறது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். டப்பாவை ஒட்டும்போது சென்சார் சற்றே சாய்ந்துவிட்டாலும் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கலாக வரும், அதை மறுபடி சரிசெய்வது கடினம்.

ஒட்டுவதற்கு உடனடிப் பசையைப் பயன்படுத்தாதீர்கள். என் முதல் வெப்கேம் பாழானது அதனால்தான். அந்தப் பசை காயும்போது வெளிவரும் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். மறுநாள் காலையில் பார்த்தபோது சென்சாரின் மேல் பனி மூடியது போல் இருந்தது, துடைக்கத் துடைக்கக் கீறல்தான் விழுந்தது. எபாக்ஸி பசை காய நேரம் எடுத்தாலும் அந்த ஆபத்து இல்லை. கடைசியாக, கேமரா ஓடும்போது எரியும் சிறு எல்.இ.டி. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் ஒளி குழலுக்குள் கசிந்து படம் வெளிறும்.

நீள் எக்ஸ்போஷர் மாற்றம் தேவையா?

வெப்கேமை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய் நெபுலாக்களையும் விண்மீன் திரள்களையும் எடுக்கலாம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஒரு காலத்தில் எடுத்தார்கள். ஸ்டீவ் சேம்பர்ஸ் என்ற ஆர்வலர், சிசிடி வெப்கேமில் சென்சாருக்குப் போகும் கட்டளைத் துடிப்புகளை இடைமறித்து, கணினியின் பேரலல் போர்ட் (பழைய அச்சுப்பொறி இணைப்பு) வழியே கட்டுப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். சில்லின் மயிரிழை போன்ற காலைத் தூக்கி, அதில் கம்பியைச் சாலிடர் செய்ய வேண்டும். விநாடியின் சிறு பங்குக்கு மேல் போகாத வெப்கேம், பல விநாடி எக்ஸ்போஷர் எடுக்கத் தொடங்கியது. அன்றைக்கு வானியல் கேமராக்கள் எட்டாத உயரத்தில் இருந்ததால் அந்த உழைப்புக்கு அர்த்தம் இருந்தது. அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

இன்று அதைத் தொடங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சிமாஸ் சென்சாரில் நேரக் கட்டுப்பாடு எல்லாம் சில்லுக்குள்ளேயே நடப்பதால், தூக்குவதற்கு வெளியே ஒரு காலும் இல்லை. அதாவது புது வெப்கேமில் இது நடக்காது. பழைய சிசிடி வெப்கேமில் செய்தாலும், குளிரூட்டாத அந்தச் சின்னச் சென்சாரில் வெப்ப இரைச்சல் குமியும், பேரலல் போர்ட் உள்ள கணினிக்கும் அலைய வேண்டும். தொலைதூர வான்பொருள்கள்தான் உங்கள் ஆசை என்றால் வெப்கேம் பக்கமே வர வேண்டாம். பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும், வானத்தோடு சுழலும் தாங்கியும்தான் உங்களுக்கு வேண்டும்.

கோள்களுக்கென்றே செய்த கேமரா

வெப்கேமோடு ஒப்பிட வேண்டிய உண்மையான மாற்று இதுதான். இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐ120எம்சி போன்ற தொடக்கநிலைக் கேமராக்கள் பார்வைக்கு வெப்கேமின் உறவினர் போலத்தான் இருக்கும்: சிறிய சிமாஸ் சென்சார், யு.எஸ்.பி. கம்பி, அவ்வளவுதான். அதில் 1,280-க்கு 960 பிக்சல், பிக்சல் 3.75 மைக்ரான். வித்தியாசம் அது தரும் தரவில் இருக்கிறது. சென்சார் பார்த்ததை அப்படியே தருகிறது. கூர்மையாக்காது, அமுக்காது, வண்ணத்தைத் திருத்தாது. வெப்கேம் 8 பிட்டில் தருவதை இது 12 பிட் வரை தர வல்லது. சென்சாரின் நடுவில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் படிக்கச் சொன்னால் ஃபிரேம் வேகம் பல மடங்கு ஏறும். கோளுக்கு அந்தச் சிறு சதுரமே போதும் என்று மேலே பார்த்தோம்.

வேகம் ஏன் முக்கியம் என்றால், வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வீடியோ எடுத்தால் மேகப் பட்டைகளே நகர்ந்து படம் இழுபடும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் 10 ஃபிரேம் வீதம் சேர்ப்பதற்கும் 100 ஃபிரேம் வீதம் சேர்ப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. நல்ல கணங்களை மட்டும் பொறுக்கும் வசதி பிந்தையவருக்குத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் கணக்கில் எடுங்கள். இலவச வெப்கேம் என்று தொடங்கினாலும் அடாப்டர், அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி என்று ஒவ்வொன்றாகச் சேரும். வெப்கேமையும் புதிதாக வாங்கினால், மொத்தச் செலவு ஒருவர் பயன்படுத்தி விற்கும் தொடக்கநிலைக் கோள் கேமராவை நெருங்கிவிடும். அந்தக் கேமராவை நாளைக்கு விற்றால் விலை கிடைக்கும். பெரிய கேமரா வாங்கிய பிறகும், தொலைநோக்கி வானத்தைச் சரியாகப் பின்தொடர்கிறதா என்று கண்காணிக்கும் வழிகாட்டிக் கேமராவாக அது உழைக்கும். பிரித்த வெப்கேமை யாரும் வாங்க மாட்டார்கள். பிரிப்பதற்காக வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது 2020-ல் வந்த ராஸ்பெர்ரி பை எச்க்யூ கேமரா. 12.3 மெகாபிக்சல், பிக்சல் வெறும் 1.55 மைக்ரான், எஃப்/8 தொலைநோக்கிக்குப் பார்லோவே தேவைப்படாது. பிரிக்க வேண்டியதில்லை, லென்ஸ் இல்லாமலே சி-மவுண்ட் வளையத்தோடு வருகிறது. அமுக்காத மூலத் தரவும் தரும், எக்ஸ்போஷரை நிமிடக் கணக்கில் நீட்டலாம். ஆனால் ராஸ்பெர்ரி பை கணினியும் அதில் கட்டளை தட்டும் பொறுமையும் வேண்டும். ஏற்கெனவே பை வைத்து விளையாடுபவருக்கு இது வெப்கேமைவிட எவ்வளவோ மேல். மற்றவர்களுக்கு இது கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொரு பாடமாகிவிடும்.

உங்கள் தாங்கியையும் கேளுங்கள்

தாங்கி வானத்தோடு சுழலாத டாப்சோனியன் வைத்திருப்பவர்கள் பலர், தங்களுக்கு இதெல்லாம் ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டாம். வானம் விநாடிக்கு 15 வில்விநாடி வேகத்தில் நகர்கிறது. பார்லோ இல்லாமல், 1,200 மி.மீ. குவியத் தூரத்தில், பழைய 5.6 மைக்ரான் வெப்கேமின் படம் சுமார் 616 வில்விநாடி அகலம். கோளை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டால் மறு ஓரம் போய்ச் சேர 40 விநாடி ஆகும். 3 மைக்ரான் வெப்கேமின் முழு 720பி படத்திலும் கிட்டத்தட்ட இதே நேரம்தான், 640 பிக்சலாக வெட்டினால் பாதி. அப்படியே நகர விட்டு, மறுபடி பிடித்து, நான்கைந்து முறை எடுத்துச் சேர்க்கலாம். பிஐபிபி என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் கோளைத் தேடி நடுவில் வைத்துக் கொடுக்கும். பார்லோ போட்டால் நேரம் பாதியாகும், திணறல் கூடும். ஆகவே டாப்சோனியன்காரர்களுக்குச் சென்சார் பரப்பு கொஞ்சம் பெரிதாக இருப்பது வேகத்தைவிட முக்கியம். இந்த ஒரு இடத்தில் எச்டி வெப்கேமின் முழுப் படத்துக்கும் பழைய சிசிடி வெப்கேமுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுழலும் தாங்கி இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

எந்தக் கேமராவை வைத்தாலும், முன்பக்கம் முறையான சூரிய வடிகட்டி பொருத்தாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். சென்சார் நொடியில் கருகும். பக்கத்தில் யாராவது ஃபைண்டரில் (குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கி) கண்ணை வைத்தால் பார்வையே போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இழுப்பறையில் கைமுறை ஃபோகஸ் வெப்கேம் இருக்கிறது, நிலாவும் கோள்களும்தான் ஆசை, திருகாணிக்கு அஞ்சாதவர் என்றால் பிரித்துவிடுங்கள். ஹிஸ்டோகிராமைப் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்து எக்ஸ்போஷர் வைப்பது, ஃபோகஸைப் பிடிப்பது, ஃபிரேம்களைப் பொறுக்குவது, அடுக்குவது எல்லாம் வெப்கேமிலும் கோள் கேமராவிலும் ஒன்றுதான். வெப்கேமில் கற்றது எதுவும் வீணாவதில்லை. வெப்கேமே இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பயன்படுத்திய கோள் கேமராவுக்குக் காத்திருந்து வாங்குங்கள். பள்ளி மாணவருக்கோ சொந்தக் கையால் செய்து பார்க்கும் ஆசை உள்ளவருக்கோ நான் வேறு மாதிரி சொல்வேன்: மிக மலிவான ஒரு வெப்கேமை வாங்கித்தான் பிரிக்கட்டுமே. சென்சாரைக் கண்ணால் பார்த்து, தானே குழல் பொருத்தி, அதில் நிலாவின் பள்ளம் விழுவதைத் திரையில் பார்க்கும் அனுபவத்தைக் கோள் கேமரா தராது.

முதல் இரவில் கோளைத் தேடாதீர்கள், அரை நிலா இருக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள். வெப்கேமின் பார்வைப் பரப்பு மிகச் சிறியது, அதில் கோளைப் பிடிப்பது ஊசியில் நூல் கோப்பது மாதிரி. முதலில் ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்துக் கோபுரம் ஒன்றின் நுனியில் சரிசெய்துகொள்ளுங்கள். இரவில் ஐபீஸால் நிலாவின் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை நடுவில் வைத்து, ஐபீஸை எடுத்துவிட்டு வெப்கேமைச் செருகுங்கள். திரை வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் ஃபோகஸர் குமிழை மெல்லத் திருப்புங்கள். ஐபீஸ் இருந்த இடத்திலிருந்து அது கணிசமாகத் தள்ளியே ஃபோகஸ் ஆகும், பயப்பட வேண்டாம். மங்கலான வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, பள்ளங்களின் விளிம்பு கறுப்பு நிழலோடு எழுந்து வரும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். அதிர்வு அடங்க ஐந்து விநாடி விட்டு, பதிவைத் தொடங்குங்கள்.